வண்டியை வெளியே பார்த்து நிறுத்து

ஒலிப்பதிவின் எழுத்து வடிவம் இது. வாசிப்பதற்காகச் சற்றே திருத்தியிருக்கிறோம்.

இந்த எபிசோடை ஒரு ஒப்புதல் வாக்குமூலத்தோடு ஆரம்பிக்கிறேன். நான் சாஃப்ட்வேர் வேலைக்கு வந்து ஆறு வருஷம் ஆகிறது. இந்த ஆறு வருஷத்தில் 'ஃபயர் ஃபைட்டிங்' என்கிற வார்த்தையை எத்தனை தடவை சொல்லியிருப்பேன் என்று கணக்கே இல்லை. வீட்டுக்கு வந்ததும் அம்மா, "ஏன்டா முகம் வாடியிருக்கு?" என்று கேட்டால், "இன்னிக்கு ஃபுல்லா ஃபயர் ஃபைட்டிங்மா" என்பேன். ஏசி ரூமில் உட்கார்ந்துகொண்டு, கையில் ஃபில்டர் காபியோடு!

போன வருஷம் ஒரு நாள் ராத்திரி பதினொன்றரை மணிக்கு எங்கள் பேமென்ட் சர்வீஸ் படுத்துவிட்டது. காலில் பதினான்கு பேர். பதினான்கு பேரும் ஒரே நேரத்தில் பேசுகிறோம். எங்கள் டீமில் கலிஃபோர்னியாவில் இருந்து வேலை பார்க்கும் ஒரு சீனியர் இருக்கிறார். அவருக்கு அப்போது காலை பதினோரு மணி. அவர் மட்டும் நிதானமாக ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "சரி பண்றதை அப்புறம் பார்க்கலாம். இதுல இருந்து வெளிய வர்ற வழி எது? அந்த வழி இப்பவும் திறந்திருக்கா?"

ரோல்பேக் பற்றித்தான் கேட்கிறார் என்று புரிய எங்களுக்கு அரை நிமிஷம் ஆனது. பழைய வெர்ஷனுக்குத் திரும்பினோம். பத்து நிமிஷத்தில் எல்லாம் அடங்கியது. நான் சந்தோஷத்தில், "செம ஃபயர் ஃபைட்டிங்!" என்று சாட்டில் போட்டேன். அவர் ஒரு சிரிப்பு எமோஜி போட்டுவிட்டு எழுதினார்: "நான் நிஜமாவே அந்த வேலை பார்த்திருக்கேன். மூணு சீசன்."

இன்றைய எபிசோட் அந்த மூன்று சீசன்களைப் பற்றியது. பெயரைச் சொல்ல வேண்டாம், எந்தக் காடு என்றும் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். அவரோடு இரண்டு கால்களில் ஆங்கிலத்தில் பேசியதை என் தமிழில் சொல்கிறேன்.

முதலில் கொஞ்சம் பின்னணி. அமெரிக்காவின் மேற்குப் பகுதியில் ஒவ்வொரு கோடையிலும் காட்டுத்தீ வரும். அதை அணைக்க மத்திய அரசின் வனத்துறை மாதிரியான அமைப்புகள் ஆயிரக்கணக்கான ஆட்களை எடுக்கின்றன. அதில் பலருக்கு சீசன் வேலை. சட்டப்படி இந்தத் தற்காலிக ஆட்களின் வழக்கமான வேலை நேரம் ஒரு வருஷத்துக்கு 1,040 மணிக்குள் இருக்க வேண்டும். அதாவது ஆறு மாதத்துக்கும் கொஞ்சம் குறைவு. ஓவர்டைம் அந்தக் கணக்கில் வராது. அதனால் அங்கே இந்த ஆட்களுக்கே '1039' என்று ஒரு பட்டப்பெயர் உண்டு. வசந்தத்தில் வேலைக்கு எடுப்பார்கள், இலையுதிர் காலத்தில் கைகுலுக்கி அனுப்பிவிடுவார்கள்.

நம்ம ஆள் 2016 முதல் 2018 வரை மூன்று கோடைகளில் இந்த வேலை பார்த்தார். காரணம் ரொம்ப சிம்பிள். காலேஜ் ஃபீஸ் கட்டணும்.

சேர்வதற்கு ஒரு உடல் தேர்வு இருக்கிறது. 45 பவுண்டு, அதாவது சுமார் 20 கிலோ எடையை முதுகில் சுமந்துகொண்டு, 3 மைல் தூரத்தை 45 நிமிஷத்துக்குள் நடக்க வேண்டும். ஓடக் கூடாது. நம்ம ஊர் கணக்கில், ஒரு கேன் தண்ணியை முதுகில் கட்டிக்கொண்டு கிட்டத்தட்ட அஞ்சு கிலோமீட்டர் விறுவிறுவென்று நடக்கணும். அதோடு அடிப்படை வகுப்புகளும் உண்டு. தீ எப்படி நகரும், காற்றும் சரிவும் அதை என்ன செய்யும், மனுஷ மூளை பதற்றத்தில் எப்படித் தப்பு செய்யும் என்று பாடம் நடத்துவார்கள்.

இவர் சேர்ந்தது 'இன்ஜின் க்ரூ'. கால்நடையாகவே மலை ஏறி வேலை செய்யும் இருபது பேர் கொண்ட 'ஹாட்ஷாட்' குழுக்களைப் பற்றி சினிமாவில் பார்த்திருப்பீங்க. இன்ஜின் க்ரூ அப்படியில்லை, சின்னது. இவர் குழுவில் ஐந்து பேர்தான்: ஒரு கேப்டன், வண்டி ஓட்டி பம்பைப் பார்த்துக்கொள்ளும் ஒருவர், மற்ற மூன்று பேர். பம்ப் பார்க்கிறவரை கலிஃபோர்னியாவில் 'இன்ஜினியர்' என்றுதான் கூப்பிடுவார்கள். "நான் வாழ்க்கையில பார்த்த முதல் உருப்படியான இன்ஜினியர் அவர்தான்" என்றார். நாலு வருஷம் பி.இ. படித்த எனக்கு அது சுருக்கென்றது.

இப்போது அந்த வண்டியைப் பற்றிச் சொல்லியாகணும். காட்டுத்தீ வண்டிகளுக்கு வகைகள் உண்டு. இவருடையது டைப் 3. அதில் குறைந்தபட்சம் 500 கேலன் தண்ணீர் இருக்க வேண்டும். அதாவது சுமார் 1,900 லிட்டர். உங்கள் அபார்ட்மென்ட் மொட்டை மாடியில் 1,000 லிட்டர் சின்டெக்ஸ் டேங்க் இருக்கும் இல்லையா, அதில் இரண்டுகூட முழுசாக வராது. அந்த வகை வண்டியின் பம்ப் நிமிஷத்துக்கு 150 கேலனாவது தள்ள வேண்டும் என்பது விதி. அந்த வேகத்தில் ஓட்டினால் மூன்றரை நிமிஷத்துக்குள் டேங்க் காலி!

எதிரே எரிவது மலை. கையில் இருப்பது இரண்டு சின்டெக்ஸ் டேங்க். இந்தக் கணக்கைப் புரிந்துகொண்டால்தான் மிச்ச வேலை புரியும். சிக்கனமாகத் தெளித்தால் அதே தண்ணீர் அரை மணி நேரத்துக்கும் மேல் வரும். அதனால் அவர்கள் ஹோஸை நேராகப் பெரிய தீக்குள் பீய்ச்சி அடிப்பதில்லை. தீயின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு, முதுகில் சுமந்துபோகும் 100 அடி ஹோஸ்களை ஒன்றோடு ஒன்று இணைத்துக்கொண்டே முன்னேறுவார்கள். ஒருவர் முனையைப் பிடிக்க, அடுத்தவர் பின்னால் இருந்து புது ஹோஸை மாட்டுவார். இன்னும் சிலர் 'புலாஸ்கி' என்கிற கருவியால் தரையை வெட்டுவார்கள். ஒரு பக்கம் கோடாலி, மறு பக்கம் மண்வெட்டி மாதிரி இருக்கும். சருகும் வேரும் இல்லாத வெறும் மண் தெரியும்வரை ஒரு பாதை மாதிரி சுரண்டிக்கொண்டே போவார்கள். தீக்குத் தின்ன ஒன்றும் இல்லாத கோடு அது. 1910-இல் ஐடஹோ, மொன்டானா பகுதிகளைச் சாம்பலாக்கிய பெருந்தீயில் தன் ஆட்களை ஒரு சுரங்கத்துக்குள் ஓட்டிச்சென்று காப்பாற்றிய எட் புலாஸ்கி என்ற வனத்துறை அதிகாரியின் பெயர்தான் அந்தக் கருவிக்கு.

இன்னொரு விஷயம், டேங்கில் இருக்கும் தண்ணீரைக் கடைசிச் சொட்டுவரை காலி பண்ண மாட்டார்கள். ஒரு பங்கை எப்போதும் மிச்சம் வைப்பார்கள். காட்டுக்காக இல்லை, தங்களுக்காக.

"முதல் நாள் கேப்டன் உங்களுக்கு என்ன கத்துக்கொடுத்தார்?" என்று கேட்டேன். ஹோஸ் பிடிப்பது, மரம் வெட்டுவது என்று ஏதாவது சொல்வார் என நினைத்தேன். அவர் சொன்னது: "வண்டியை எப்பவும் வெளியே பார்த்து நிறுத்தணும். அதுதான் முதல் பாடம்."

தீ நடக்கும் இடத்துக்குப் போனதும் முதல் வேலை, வண்டியைத் திருப்பி, மூக்கு வெளியேறும் திசையைப் பார்க்கிற மாதிரி நிறுத்துவது. திரும்ப இடமில்லாத பாதை என்றால் ரிவர்ஸிலேயே போவார்கள். ஓட வேண்டிய நேரம் வரும்போது, முன்னும் பின்னும் எடுத்து யூ-டர்ன் அடிக்க நேரம் இருக்காது.

யோசித்துப் பாருங்கள், வந்து சேர்ந்த உடனேயே திரும்பிப் போவதற்கான ஏற்பாடு! கோழைத்தனம் மாதிரி தெரியலாம். ஆனால் அந்த வேலை முழுக்க இந்த ஒரு யோசனையைச் சுற்றித்தான் கட்டப்பட்டிருக்கிறது. 1957-இல் எழுதிய பத்துக் கட்டளைகள் இருக்கின்றன, கூடவே பதினெட்டு அபாயச் சூழல்களின் பட்டியல் ஒன்று. 1991-இல் பால் கிளீசன் என்ற ஹாட்ஷாட் தலைவர் இதன் சாரத்தை நான்கு விஷயங்களாகச் சுருக்கினார். கண்காணிக்க ஒரு ஆள், பேச ஒரு தொடர்பு, தப்பிக்க ஒரு வழி, போய்ச் சேர ஒரு பாதுகாப்பான இடம். இந்த நாலும் தயாராக இல்லையென்றால் வேலையை ஆரம்பிக்கக் கூடாது.

அந்தப் பாதுகாப்பான இடம் பெரும்பாலும் எது தெரியுமா? ஏற்கெனவே எரிந்து முடிந்த இடம். "ஒரு கால் எப்பவும் கறுப்புல இருக்கட்டும்" என்பது அவர்களுடைய பழமொழி மாதிரி. எரிந்த தரை கறுப்பு. அது மறுபடி எரியாது.

முதல் சீசனில் இவருக்கு நடந்த ஒன்று. ஒரு மேட்டில் கண்காணிக்கும் ஆளாக இவரை நிறுத்தியிருந்தார்கள். மதியம் இரண்டு மணி இருக்கும். இவருடைய பிடரியில் காற்று படுவது நின்று, கன்னத்தில் பட ஆரம்பித்தது. அதாவது காற்று திசை மாறுகிறது. ரேடியோவை எடுத்தார், வைத்தார். குழுவிலேயே புது ஆள். 'தப்பாகச் சொல்லி எல்லாரையும் கீழே இறங்க வைத்துவிட்டால் கேலி பண்ணுவார்களே' என்று தயக்கம். நான்கு நிமிஷம் கழித்துச் சொன்னார். எல்லாரும் பத்திரமாக விலகினார்கள், ஒன்றும் ஆகவில்லை. ராத்திரி கேப்டன் தனியாகக் கூப்பிட்டு, "எப்போ தெரிஞ்சது?" என்று கேட்டார். இவர் உண்மையைச் சொன்னார். "நீ பத்து தடவை தப்பாச் சொல்லு, பத்து தடவையும் நாங்க இறங்குவோம். இனிமே அந்த நாலு நிமிஷத்தை எங்ககிட்ட இருந்து எடுத்துக்காதே" என்றாராம். இதை என்னிடம் சொல்லும்போது அவர் குரல் கொஞ்சம் மாறியது.

இன்ஜின் க்ரூவுக்கென்று ஒரு தனி ஆபத்தும் உண்டு. தண்ணீரும் வண்டியும் இருப்பதால், வீடுகளைக் காப்பாற்ற இவர்களைத்தான் அனுப்புவார்கள். கலிஃபோர்னியாவில் மலைச்சரிவுகளில், புதர்க்காட்டுக்கு நடுவில் வீடு கட்டியிருப்பார்கள். 2006 அக்டோபர் 26, ரிவர்சைடு கவுன்டியில் எஸ்பெரான்சா தீ. ஒருவன் வேண்டுமென்றே வைத்த தீ அது. பிறகு அவனுக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. வனத்துறையின் 'இன்ஜின் 57' குழு மலைமேல் ஒரு வீட்டைக் காப்பாற்ற நின்றது. சான்டா ஆனா என்கிற வறண்ட காற்று தள்ள, கீழே ஓடைப் பள்ளத்தில் இருந்து தீ மேலே பாய்ந்து வந்தது. ஐந்து பேர் கொண்ட அந்தக் குழுவில் ஐந்து பேரும் இறந்தார்கள். அனுபவம் இல்லாதவர்கள் இல்லை. அந்த வீட்டில் அப்போது யாரும் இல்லை. கலிஃபோர்னியாவில் இன்ஜினில் ஏறும் ஒவ்வொருவருக்கும் இந்தக் கதை தெரியும் என்றார்.

இப்போது இவருடைய இரண்டாவது சீசன். சாயங்காலம். ஒரு மலைச்சாலையின் உச்சியில் இருக்கும் இரண்டு வீடுகளுக்குப் போகச் சொல்லி மேலதிகாரியிடம் இருந்து ரேடியோவில் உத்தரவு வருகிறது. முதல் வளைவுவரை ஏறியதும் கேப்டன் வண்டியை நிறுத்தச் சொல்கிறார். இறங்கிப் பார்க்கிறார். ஒற்றை வழிச் சாலை. இரண்டு பக்கமும் ஆள் உயரப் புதர். வீடுகள் ஒரு பள்ளத்தின் தலையில் இருக்கின்றன, கீழே தீ. மேலே வண்டி திரும்ப இடம் இருக்கிறதா என்று தெரியவில்லை. பக்கத்தில் கறுப்பு இல்லை.

கேப்டன் ரேடியோவை எடுத்து, "இந்த வேலையை மறுக்கிறோம்" என்றார்.

இங்கேதான் எனக்கு ஆச்சரியம். மறுப்பதற்கென்றே அவர்களிடம் ஒரு நடைமுறை இருக்கிறது. சட்டைப்பையில் வைத்திருக்கும் கையேட்டிலேயே அச்சடித்திருக்கிறார்கள். எந்த விதி மீறப்படுகிறது என்று சொல்ல வேண்டும். அதற்குப் பதிலாக எதைப் பாதுகாப்பாகச் செய்ய முடியும் என்று சொல்ல வேண்டும். மேலதிகாரி அதே வேலையை இன்னொரு குழுவுக்குக் கொடுத்தால், 'இதை ஏற்கெனவே ஒரு குழு மறுத்துவிட்டது, காரணம் இது' என்று அந்தக் குழுவிடம் சொல்லியே ஆக வேண்டும். மறைத்துவிட்டு அனுப்ப முடியாது.

நான் வேலை பார்த்த எந்த இடத்திலும், 'இந்த டெட்லைன் முடியாது' என்று ஒருவர் சொன்னதை அடுத்து அந்த வேலை போய்ச் சேர்ந்தவரிடம் யாரும் சொன்னதில்லை. உங்க ஆபீஸில் எப்படி?

கேப்டன் மாற்று வழியும் சொன்னார். கீழே சாலைகள் சேரும் இடத்தில் அகலமான வெட்டவெளி இருக்கிறது, அங்கே நின்று மூன்று வீடுகளைக் காக்கிறோம் என்றார். ரேடியோவில் சில விநாடி அமைதி. பிறகு, "காப்பி." நம்ம காபி இல்லைங்க, 'புரிந்தது' என்று அர்த்தம். அன்று ராத்திரி கீழே இருந்த மூன்று வீடுகளும் தப்பின. மேலே இருந்த இரண்டில் ஒன்று எரிந்துபோனது. இன்னொன்று யாரும் தொடாமலே தப்பித்தது.

இரண்டு நாள் கழித்து அதே சாலையில் இவர்களையே 'மாப்-அப்' செய்ய அனுப்பினார்கள். தீயணைப்பு வேலையில் பெரும்பகுதி இதுதான். பெரிய சுவாலை அடங்கிய பிறகு, மண்ணுக்குள் வேர்களிலும் அடிமரங்களிலும் கங்கு உயிரோடு இருக்கும். கையுறையைக் கழற்றிவிட்டு, புறங்கையைச் சாம்பலுக்கு மேலே கொண்டுபோய்ச் சூடு இருக்கிறதா என்று பார்ப்பார்கள். சூடு இருந்தால் தோண்டி, தண்ணீர் விட்டுக் கிளறி, மறுபடி கை வைத்துப் பார்ப்பார்கள். அடி அடியாக, நாள் முழுக்க.

மேலே அந்த வீட்டில் புகைபோக்கி மட்டும் நின்றது. வீட்டுக்காரப் பெண் வந்திருந்தார். யாரையும் திட்டவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "அன்னிக்கு ராத்திரி இங்க யாராவது வந்தாங்களா?"

கேப்டன் தொப்பியைக் கழற்றிவிட்டு, "இல்லம்மா. வர வேண்டாம்னு முடிவு எடுத்தது நான்தான்" என்றார்.

"நீங்க போயிருந்தா அந்த வீட்டைக் காப்பாத்தியிருக்க முடியுமா?" என்று நான் கேட்டேன். "தெரியாது. பக்கத்து வீடு தப்பிச்சதே, அதனால முடிஞ்சிருக்கலாம். இல்ல, நாங்க அஞ்சு பேரும் அங்கேயே போயிருக்கலாம். ரெண்டுல எதுன்னு யாராலயும் சொல்ல முடியாது. தீயைவிட அதுதான் கஷ்டம்" என்றார்.

சரி, இவ்வளவுக்கும் சம்பளம் என்ன? 2021-இல் அமெரிக்க அதிபர் பைடனே, மத்திய அரசின் தீயணைப்பு வீரர்களுக்கு மணிக்கு 13 டாலர் என்பது மிகவும் குறைவு என்று வெளிப்படையாகச் சொல்லி, குறைந்தபட்சத்தை 15 டாலராக உயர்த்தினார். நம்ம ஆள் வேலை பார்த்தது அதற்கும் முன்னால். அப்போது அரசுக் கோப்பில் அவருடைய பதவியின் பெயர்கூட 'தீயணைப்பு வீரர்' இல்லை, 'வனவியல் டெக்னீஷியன்'. தீயணைப்பு வீரர் என்று தனிப் பணி வகை வந்ததே 2022-இல். அதற்குப் பிறகு தற்காலிகமாகக் கொடுத்துவந்த ஊதிய உயர்வு, 2025-இல்தான் நிரந்தர சம்பள விகிதமாக மாறியது.

அந்தக் காலத்தில் குடும்பம் நடத்தும் அளவுக்குப் பணம் எங்கிருந்து வரும்? ஓவர்டைமில் இருந்து. பெரிய தீ என்றால் தொடர்ந்து 14 நாள், ஒரு நாளைக்கு 16 மணி நேரம்வரை வேலை. கட்டுக்குள் வராத தீயில் நின்றால் ஆபத்துப்படி 25 சதவீதம். தீ கட்டுக்குள் வந்துவிட்டால் அந்தப் படி நின்றுவிடும், சாம்பலில் கை விட்டுத் துழாவும் வேலை மட்டும் தொடரும்.

இதில் உள்ள முரணை அவர் சொன்ன விதம் இன்னும் மனசில் நிற்கிறது. "ஆகஸ்ட்ல ரேடியோ அமைதியா இருந்தா காட்டுக்கு நல்லது, ஊருக்கு நல்லது. எங்களுக்கு வாடகை கட்டக் காசு இருக்காது. யாரும் தீ வரணும்னு வேண்டிக்கல. ஆனா புகை தெரிஞ்சதும் வண்டிக்குள்ள ஒரு சந்தோஷம் வரும். அதை நினைச்சு எனக்கே கூச்சமா இருக்கும்."

கிளம்பத் தயாராக வண்டியை நிறுத்து, மறுக்கத் தயங்காதே என்று சொல்லிக்கொடுக்கிற ஒரு வேலை. அதே வேலையில், எரிந்தால்தான் வயிறு நிறையும் என்று ஒரு சம்பளக் கணக்கு. இரண்டையும் ஒரே ஆளின் தலையில் வைத்திருந்தார்கள். அப்படியிருந்தும் அந்தக் கேப்டன் ரேடியோவை எடுத்து 'மறுக்கிறோம்' என்று சொன்னார் பாருங்கள், அதைத்தான் நான் வீரம் என்பேன்.

மூன்றாவது சீசன் முடிந்தபோது தொடங்கிய இருமல், கிறிஸ்துமஸ்வரை போகவில்லையாம். பெரும்பாலும் கழுத்தில் கட்டிய கைக்குட்டைதான் அப்போது அவர்களுக்கு மாஸ்க். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2022-இல், தீயணைப்புப் பணியே புற்றுநோயை உண்டாக்கக்கூடியது என்று வகைப்படுத்தியது. டிகிரி முடிந்தது, சாஃப்ட்வேர் வேலை கிடைத்தது, விட்டுவிட்டார். "மறுபடி போவீங்களா?" என்று கேட்டேன். "மாட்டேன். ஆனா ஜூன் மாசம் வந்தா கை துறுதுறுங்குது" என்றார்.

இந்த உரையாடலுக்குப் பிறகு என்னிடம் ஒரே ஒரு மாற்றம். எந்த டெப்லாய்மென்ட் ஆனாலும், முதல் வரியில் திரும்பி வரும் வழியை எழுதிவைத்த பிறகுதான் மிச்சத்தை எழுதுகிறேன். டீமில் புதுசாகச் சேர்ந்த பெண், "அண்ணா, எனக்கு இது சரியாப் படல" என்று போன வாரம் தயங்கித் தயங்கிச் சொன்னபோது, எல்லாவற்றையும் நிறுத்திவிட்டுப் பார்த்தோம். அவங்க பயந்த மாதிரி ஒன்றும் இல்லை. அதனால் என்ன? அடுத்த தடவை இன்னும் சீக்கிரம் சொல்லுவாங்க.

நேற்று ராத்திரி வீட்டுக்கு லேட்டாகப் போனேன். அம்மா கேட்டார்கள், "என்னடா, ஃபயர் ஃபைட்டிங்கா?"

"இல்லம்மா. கொஞ்சம் வேலை ஜாஸ்தி, அவ்ளோதான்" என்றேன்.

இந்த எபிசோட் பிடித்திருந்தால், 'முடியாது' என்று சொல்லத் தயங்கும் ஒரு நண்பருக்கு அனுப்பி வையுங்கள். அடுத்த எபிசோடில் சந்திப்போம்.